குளத்து வண்டலின் கணக்கு

வன்னிப் பெருநிலத்திலே ஆறென்று நாம் பெயர் சொல்லி அழைப்பவற்றுட் பெரும்பாலானவை ஆண்டிற் சில திங்களே நீரோடுபவை. கார்த்திகை மார்கழியில் இரு கரையும் புரண்டோடும் கனகராயன் ஆறு ஆடி ஆவணியில் வெறும் மணற்படுகையாய்க் கிடக்கும். பாலி ஆறும் பறங்கி ஆறும் பேராறும் அத்தகையனவே. நீர் வயலுக்கும் கடலுக்குமாகப் போய்விடுகின்றது. அது சுமந்து வந்த மண்ணிற் பெரும்பகுதி படுகையிலும் குளத்தடியிலும் தங்கிவிடுகின்றது. இவ்வாறு தங்கும் மணல், வண்டல், களி யாவற்றையும் புவிச்சரிதவியலார் அடையல் என்னும் ஒரே பெயரால் அழைப்பர். சேற்றைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது என்று வாசகர் முகஞ்சுளிக்க வேண்டா. இது நம் கிணற்றையும் சோற்றையும் பற்றிய பேச்சேயாகும்.

ஓர் ஆற்றின் நலத்தை அறிய நீரை மட்டும் சோதிப்பது, கடையொன்றின் நிலையை அறிய அன்றைய கல்லாப்பெட்டியை மட்டும் திறந்து பார்ப்பது போன்றது. நேற்று மழை பெய்திருந்தால் ஓர் அளவு. பத்து நாள் வெயிலெறித்திருந்தால் வேறோர் அளவு. அடையலோ பேரேடு. மேற்பக்கத்துக் காடும் வயலும் ஊரும் தெருவும் ஆண்டாண்டாக ஆற்றுக்குக் கொடுத்தவற்றை அது வரவு வைத்துக்கொள்கின்றது. ஈயம், கட்மியம் முதலிய உலோகங்கள் நீரிற் கரைந்த நிலையில் நெடுந்தூரம் செல்வது குறைவு. அவை களித் துணிக்கைகளிலும், இரும்பு மங்கனீசு ஒட்சைட்டுகளிலும், உக்கிய இலைகுழைகளிலும் ஒட்டிக்கொண்டு, அவற்றோடு பயணஞ்செய்து, அவற்றோடு படிகின்றன. ஆகவே கண்ணாடிபோல் நீரோடும் ஆற்றின் அடியிலும் கொழுத்த கணக்கொன்று இருக்கக்கூடும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கட்மியம், ஆசனிக்கு, ஈயம் என்னும் சொற்கள் இன்று வன்னி வீடுகளின் அடுப்படி வரை வந்துவிட்டன. கிணற்று நீரைக் கொதிக்கவைத்தாற் கட்மியம் போய்விடுமா என்று நம் மாணவி ஒருத்தியின் தாயார் நம்மிடம் கேட்டார். போகாது, நீர் வற்ற வற்ற அது சிறிது செறியவே செய்யும். இன்னொரு வீட்டிலே குளத்து மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டனர். கடலிலிருந்து தொலைவிலுள்ள ஊர்களில் மலிவாகக் கிடைக்கும் நல்லூட்டம் குளத்து மீன்தான். அதை விட்டு அவர்கள் எதை வாங்கினர் என்று கேட்டோம். ஒன்றையும் வாங்கவில்லை. அச்சத்திற்கும் விலையுண்டு, அதை அந்த வீட்டிலே குழந்தைகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றனர்.

எனினும் அச்சம் ஆதாரமற்றது என்று தள்ளிவிடவும் இயலாது. 1990களில் வடமத்திய மாகாணத்திலே ஒரு நோய் மருத்துவர்களின் கவனத்திற்கு வந்தது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரரின் சிறுநீரகங்கள் சத்தமின்றி, மெல்ல மெல்லச் செயலிழந்தன. வலியில்லை, வீக்கம் தோன்றும்போது பெரும்பகுதி போய்விட்டிருக்கும். மதவாச்சி, பதவியா முதலிய ஊர்களிற் பரவலாகக் காணப்பட்ட இந்நோய் மாகாண எல்லையை மதிக்கவில்லை. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் நோயாளர் இருக்கின்றனர். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்பதே இன்றும் அதன் பெயர்.

சிறுநீரகம் என்றவுடன் ஆய்வாளர் கட்மியத்தை ஐயுற்றமை இயல்பே. உடலுட் புகுந்த கட்மியம் சிறுநீரகத்திற் குடியேறிப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகளானாலும் எளிதில் வெளியேறாது. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வடமத்திய மாகாண நீர்த்தேக்கங்களின் அடையலில் ஒரு கிலோவுக்கு 1.78 முதல் 2.45 மில்லிகிராம் வரை கட்மியம் உண்டென்றும், நீரிலும் சோற்றிலும் குளத்து மீனிலும் அது மிகுந்துள்ளதென்றும் கூறியது. பின்னர் வேறு குழுவினர் அளந்தபோது நீரில் அத்துணைக் கட்மியத்தைக் காணவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்து 2013இல் வெளியான ஆய்விலோ, குடிநீரிற் கட்மியம் பெரும்பாலும் வரம்புக்குட்பட்டிருந்தது. ஆனால் நோயாளரின் சிறுநீரிலே கட்மியம் மற்றவரினும் மிகுந்திருந்தது. இடையில் 2011 அளவில் ஆசனிக்கே காரணம் என்னும் பேச்சு எழுந்தது. நீரின் வன்மை, புளோரைட்டு, களைகொல்லி, வெயிலில் நீர் அருந்தாமல் உழைத்தல் என்று வேறு காரணங்களும் அடுத்தடுத்து முன்வைக்கப்பட்டன. வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. தீராத வழக்கில் நமக்கு வேண்டியவர் நல்ல சாட்சி. அந்தச் சாட்சிகளுள் ஒன்றுதான் குளத்தடியிற் கிடக்கும் வண்டல். ஆனால் அச்சாட்சியை விசாரிக்கத் தெரியவேண்டும்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குவோம். மண்ணில் உலோகம் இருக்கின்றது என்று கேட்டவுடன் யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள் என்று நினைப்பது தவறு. உலோகமில்லாத மண் உலகில் எங்குமில்லை. பெருமழை விட்ட மறுநாள் காலையில் ஊர் ஒழுங்கைகளிற் பாருங்கள்: வெண்மணலின் மேல் மை கோடிட்டாற்போலக் கறுப்பு மணல் வரிவரியாய்ப் படிந்திருக்கும். சிறுவர் அதனூடே காந்தத்தை இழுத்து, மீசைபோல் ஒட்டிக்கொள்ளும் துகளைக் கண்டு மகிழ்வர். அது இரும்பு சேர்ந்த கனிமம். நீர் இலேசான மணலை அடித்துச் சென்று பாரமானதை விட்டுச்செல்கின்றது. பொற்கொல்லன் பட்டறைத் தூளைக் கழுவிப் பொன் பொறுக்குவதும் இவ்வழியாலேதான். இவ்வேலையைக் கடலும் ஆறும் பல்லாயிரம் ஆண்டு செய்ததன் பயனே கொக்கிளாய்க் களப்பின் முகத்துக்குத் தெற்கே புல்மோட்டையிற் கிடக்கும் கனிய மணல். அதில் நூற்றுக்கு எழுபது அளவு இல்மனைற்று. மற்றும் உரூற்றைல், சேர்க்கன் என்பன. இதனை எடுப்பதற்கென 1957இல் ஒரு கூட்டுத்தாபனமே அமைக்கப்பட்டது.

இல்மனைற்றிலுள்ள தைத்தானியம் மணிக்குள்ளே பூட்டப்பட்டது. அந்த மணலின் மேல் ஆண்டுக்கணக்காக நீர் நின்றாலும் அது கரைந்து கிணற்றுக்கு வராது. உலோகம் எவ்வளவு இருக்கின்றது என்பதைவிட எவ்வுருவில் இருக்கின்றது என்பதே பெரிது. பெட்டகத்திலிருக்கும் பணத்தையும் சட்டைப்பையிலிருக்கும் பணத்தையும் ஒன்றாகக் கணக்கிடலாகாது. கல்லின் பளிங்குக்குள் சிறைப்பட்ட ஈயம் ஒருவகை. களியின் மேற்பரப்பில் ஒட்டிநின்று, சிறிது புளிப்பேறினாலே கழன்றுவிடும் ஈயம் மற்றொருவகை. செய்தித்தாளில் மொத்த அளவு மட்டுமே அச்சாகும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது.

இனி, வன்னியின் பாறை என்ன கொடுத்திருக்கின்றது என்று பார்ப்போம். நம் மண்ணின் பெயர் உலகப் புவிச்சரித நூல்களில் ஏறியிருப்பதைப் பலர் அறியார். இலங்கையின் பழம்பாறைகளை மூன்று பெரும் பிரிவாக வகுப்பர். அவற்றுள் மேற்கும் வடக்குமாக விரியும் பிரிவுக்கு 1990களின் தொடக்கத்திலிருந்து வன்னித் தொகுதி என்று பெயர். அதற்கு முன் மேற்கு விசயன் என வழங்கியது. 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்திலே வெப்பத்தாலும் அழுக்கத்தாலும் உருமாறிய நைசும் கருங்கல்லும் இதில் மிகுதி. வவுனியாவில் வயல்நடுவே யானைக்கூட்டம் படுத்தாற்போலத் தோன்றும் பாறைகள் இவ்வினத்தவை. வடமேற்கே போகப்போக இப்பழம்பாறை கீழே தாழ்ந்து, மேலே மயோசீன் காலச் சுண்ணக்கல் வந்துவிடுகின்றது. ஆகவே வவுனியா வடக்கில் ஊறித் திரண்டு இரணைமடுவை அடையும் கனகராயன் ஆற்றின் வண்டலும், பூநகரிப் பக்கத்துக் களியும் ஒரே பேரேட்டின் பக்கங்கள் ஆகா. ஒன்றுக்குரிய அளவுகோலால் மற்றதை அளக்க முடியாது.

பாறை கொடுக்கும் வரவு சில இடங்களில் மலைக்கத்தக்கது. தென்னிலங்கையில் அம்பாந்தோட்டைக் கரையோரத்தில் உஸ்ஸங்கொட என்னும் செம்மண் வெளியொன்றுண்டு. அங்கே தொழிற்சாலை இல்லை. ஆயினும் ஒரு கிலோ மண்ணில் நிக்கல் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் இருக்கின்றது. அடியிலுள்ள சேர்ப்பந்தைன் என்னும் பாறையே காரணம். அந்த மண்ணைப் பொதியாக்கி, எங்கிருந்து வந்ததென்று சொல்லாமல் ஆய்வுகூடத்திற்கு அனுப்பினால், பெரும் ஆலையொன்றின் கழிவென்றே எழுதி அனுப்புவர்.

அத்துணைத் தொலைவு போகவும் வேண்டா. நன்னீர் அடையலுக்கு வட அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலே தொகுக்கப்பட்ட எச்சரிக்கை அளவுகளைப் பலர் கையாளுகின்றனர். அதன்படி குரோமியம் கிலோவுக்கு 43.4 மில்லிகிராமையும், நிக்கல் 22.7 மில்லிகிராமையும் தாண்டாத வரை அடையலில் வாழும் சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேர்வது அரிது. புவியின் மேலோட்டிலே இவற்றின் சராசரி என்ன? குரோமியம் ஏறக்குறைய 92. நிக்கல் ஏறக்குறைய 47. மனிதன் பிறக்குமுன்பிருந்த சராசரிக் கல்லே எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டி நிற்கின்றது! இந்த அளவுகளைத் தொகுத்தவர்மீது குறையில்லை. அவர்கள் எதற்காகத் தொகுத்தார்களோ அதற்கு அவை பொருந்தும். எவ்வூர் மண்ணுக்கும் அப்படியே ஒட்டிவைத்து 'மாசடைந்தது' என்று முத்திரை குத்துவோர்மீதே குறை.

செருமானிய அறிஞர் முல்லர் 1969இல் ஓர் எளிய வழி சொன்னார். அந்தந்த இடத்தின் இயற்கை அளவை முதலில் அறிக. அதை ஒன்றரை மடங்காக்குக, ஏனெனில் இயற்கையே சிறிது ஏறியிறங்கும். அதற்குமேல் எத்தனை மடங்கு இருக்கின்றதென்று பார்த்து மாசின் படியைக் கூறுக. வேறொரு வழி அலுமினியத்தோடு ஒப்பிடுவது. களியில் அலுமினியம் ஏராளம்; அதை மனிதர் ஆற்றுக்குக் கொடுப்பது பெரும்பாலும் அற்பம். இரண்டிடங்களில் ஈயத்தின் அளவு வேறாயிருந்தும் ஈயத்துக்கும் அலுமினியத்துக்குமுள்ள விகிதம் ஒன்றாயிருந்தால், ஓரிடத்திற் களி மிகுதி, மற்றதில் மணல் மிகுதி என்பதே பொருள். விகிதமே உயர்ந்திருந்தால் அங்கே யாரோ ஈயத்தைச் சேர்த்திருக்கின்றனர். மணலில் உலோகம் ஒட்டுவது குறைவாதலின், மில்லிமீற்றரில் ஆயிரத்தில் 63 பங்குக்குச் சிறியதான மாவை மட்டும் அரித்தெடுத்து ஆராய்வர். நம் வீடுகளில் இடியப்பத்துக்கு மா அரிப்பதைவிட மிக நுண்ணிய அரிதட்டு.

இவ்வளவும் சொன்னதைக் கேட்டு, பாறை கொடுத்ததாயின் பயமில்லை என்று யாரும் ஆறுதலடைந்துவிடக் கூடாது. வவுனியாப் பக்கத்துப் பிள்ளைகள் பலரின் பற்களிற் காணும் கபிலக்கறை புளோரைட்டால் வந்தது. அதைக் கிணற்றுக்குக் கொடுத்தது தொழிற்சாலையன்று. பாறையிலுள்ள கருமைக்கா முதலிய கனிமங்கள். குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் விதித்த வரம்பு. வரண்ட வலயத்தின் கிணறுகள் பல அதைத் தாண்டுவதை 1980களில் வெளிவந்த இலங்கையின் நீர்ப் புவியிரசாயனப் படத்தொகுதி காட்டிவிட்டது. வங்காளதேசத்திலோ இதைவிடக் கொடிய நிகழ்ச்சி. இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்து படியவைத்த வண்டலிலே, இரும்பு ஒட்சைட்டில் ஆசனிக்கு ஒட்டிக்கிடந்தது. நிலத்தடியில் ஒட்சிசன் அற்றுப்போக, இரும்பு கரைந்து ஆசனிக்கை நீரில் விட்டது. குளத்து நீரால் வரும் வாந்திபேதியிலிருந்து மக்களைக் காக்க 1970கள் தொட்டு நல்லெண்ணத்தோடு தாழ்த்தப்பட்ட குழாய்க்கிணறுகளே அந்நஞ்சைக் கோடிக்கணக்கானோருக்கு ஊட்டின. வண்டலின் கணக்கை முன்னரே பார்த்திருந்தால் என்று இன்று பெருமூச்செறிகின்றனர்.

மனிதன் சேர்த்த நஞ்சுக்கு யப்பானின் ஜின்சு ஆறு சான்று. நம் வாசகர் இதைச் சற்று நின்று கேட்கவேண்டும். ஏனெனில் இதுவும் நெல்லுண்ணும் மக்களின் கதை. தோயாமா மாவட்டத்தில் ஓடும் அவ்வாற்றின் மேற்பக்கத்திலே கமியோக்கா என்னும் நாகச் சுரங்கம் இருந்தது. நாகம் கிடைக்குமிடத்திலே கட்மியமும் கூடவே கிடைக்கும். இரண்டும் ஒரே குடும்பம். சுரங்கக் கழிவு ஆற்றிலே கலந்து, வண்டலாய் வாய்க்கால் வழியே வயலை அடைந்து, ஆண்டாண்டாய்ப் படிந்தது. வயலிலிருந்து நெல்லுக்கும், நெல்லிலிருந்து உடலுக்கும் ஏறியது. முதலிற் சிறுநீரகம் கெட்டது; பின் எலும்பு மெழுகுபோல் வலுவிழந்தது. இருமினாலே விலா முறியும் நிலை. அந்நோய்க்கு ஊரார் இட்ட பெயர் 'இத்தாய் இத்தாய்'. நம் பேச்சிற் சொன்னால் 'நோகுது, நோகுது' என்பதாம். பாதிக்கப்பட்டோரிற் பெரும்பாலானோர் பல பிள்ளை பெற்ற, மாதவிடாய் நின்ற தாய்மார்.

அவ்வூர் மருத்துவர் நொபோரு ஹகினோ 1950களிலிருந்தே சுரங்கத்தைச் சுட்டிக்காட்டி வந்தார். பலரும் நம்பவில்லை. ஆனால் நிலம் அவர் பக்கம் பேசியது. ஜின்சு ஆற்று நீர் பாயும் வயலூர்களிலே நோய். அயலாற்று நீர் பாயும் ஊர்களில் இல்லை. ஒரே வயலுக்குள்ளும், வாய்க்கால் நீர் நுழையும் வாய்மடைப் பக்கத்து மண்ணிலே கட்மியம் மிகுதி. உள்ளே போகப்போகக் குறைவு. கொண்டுவந்தது நீரென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1968இல் யப்பானிய அரசு இதை மாசினால் விளைந்த நோயென ஏற்றது. பின்னர் 800 எக்டயருக்கு மேற்பட்ட வயலின் மண்ணைச் சீராக்கும் வேலை 1979இல் தொடங்கி 2012 வரை நடந்தது. ஒரு சுரங்கத்தின் கணக்கைத் தீர்க்க முப்பத்துமூன்று ஆண்டு!

வன்னி ஆறுகளின் மேற்பக்கத்தில் அத்தகைய சுரங்கமில்லை. ஆகவே 'ஜின்சு இங்கும் வந்துவிட்டது' என்று பறையடிப்போரை நாம் நம்புவதில்லை. எனினும் அவ்வூரிலிருந்து கற்கத்தக்க பாடம் ஒன்று வயலுக்குள்ளேயே உண்டு. வயலில் நீர் நிற்கும்போது மண்ணில் ஒட்சிசன் அற்றுக் கட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து அடங்கிவிடும். நீரை வடித்துக் காயவிட்டால் விடுபட்டு வேருக்குப் போகும். அதனால் யப்பானியர் கட்மியம் ஐயுறும் வயலிற் கதிர் வெளிப்படும் காலத்தில் நீரை வற்றவிடுவதில்லை. ஆசனிக்கின் குணமோ நேர்மாறு. நீர் நின்றால் விடுபடும், காய்ந்தால் அடங்கும். ஒன்றை அடக்கப்போய் மற்றொன்றை எழுப்பிவிடாமலிருக்க, மண்ணில் எது இருக்கின்றதென்று தெரிந்திருக்க வேண்டும். சிறுபோகத்திற் கடைசி நீர் கிடைக்காமற் கதிரோடு வயல் வெடிப்பதை நம் கமக்காரர் அறிவர். விளைச்சல் குறையும் என்பதே அவர்தம் கவலை. அரிசியின் உட்பொருளும் மாறக்கூடும் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவேண்டிய செய்தி.

சரி, சுரங்கமில்லாத வன்னியில் மனிதர் பேரேட்டில் எழுதுவன எவை? முதலாவது பசளை. பொசுபேற்றுப் பசளை கல்லிலிருந்து செய்யப்படுவது. கடலடியிற் படிந்து உண்டான பொசுபேற்றுக் கல்லிற் கட்மியம் இயற்கையாகவே இருக்கும். தீப்பாறையாகத் தோன்றியதில் அது பொதுவாகக் குறைவு. எந்நாட்டுக் கல் என்பதைப் பொறுத்து மூட்டைக்கு மூட்டை வேறுபடும். ஒரு போகத்தில் வயலுக்குச் சேர்வது சிறிதே. ஆனால் வயலிலிருந்து வடியும் மண் கீழ்க்குளத்தையும், அதன் நீர் அடுத்த வயலையும், அது வடிந்து அடுத்த குளத்தையும் சேரும் தொடர்குள அமைப்பிலே, கீழே உள்ளவர் மேலே உள்ள யாவரின் கணக்கையும் ஏற்கின்றனர். மலிவென்று தேவைக்கு மேல் இடும் கைப்பிடிப் பசளை நெல்லுக்குப் பயன்படாமல் வண்டலுக்கே போகின்றது.

இரண்டாவது தெருவும் பட்டறையும். ஈயங்கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றது. அதுவரை கண்டி வீதியோரம் படிந்த ஈயம் மறைந்துவிடவில்லை. பழைய மின்கலங்களை உடைத்து, வலைக்குக் குண்டு வார்க்க அடுப்பில் ஈயம் உருக்குவோரும் உண்டு. அந்தப் புகையைப் பிள்ளைகள் முகர்வது, ஆற்று வண்டலில் உள்ள ஈயத்தைவிடப் பன்மடங்கு உடனடியான ஆபத்து. இதைக் கண்டவர்கள் உரத்துச் சொல்லித் தடுக்கவேண்டும்.

மூன்றாவதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2009இல் முடிந்த போர் வன்னி மண்ணிலே விட்டுச்சென்ற உலோகத்தை நாம் யாவரும் அறிவோம். துப்பாக்கிக் குண்டின் உள்ளீடு ஈயமும் சிறிது அந்திமனியும், மேலுறை செம்பு, வெற்றுத் தோட்டா செம்பும் நாகமும் கலந்த பித்தளை. கண்ணிவெடி அகற்றுவோர் வெடிக்கும் பொருளையே தேடுவர். இரும்பு பொறுக்குவோர் விலைபோவதையே எடுப்பர். சிதறிய ஈயத் துண்டு எவருக்கும் வேண்டாதது. அது நிலத்திலே மெல்ல வெண்ணிறத் துருவாகி மண்ணோடு கலக்கும். சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளின் துப்பாக்கிப் பயிற்சிக் களங்களில் இவ்வாறு சேர்ந்த ஈயம் மேல்மண்ணிலேயே பெரும்பாலும் தங்கிநிற்பதைக் கண்டிருக்கின்றனர். மேல்மண்ணில் நிற்பது வெள்ளத்தோடு போகும். 2018 மார்கழியில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்தது போன்ற வெள்ளம் ஒரே இரவிற் பல ஆண்டு மண்ணை இடம்மாற்றிவிடும். கரையோரத்து மணல் ஈயத்தை இறுகப் பிடித்துக்கொள்ளவும் மாட்டாது. அங்கே மறுபடி குடியேறி, தோண்டிய கிணற்றில் நீரள்ளி, கீரை பயிரிட்டு வாழ்வோர்க்கு அம்மண்ணின் கணக்கைக் காட்டுவது நாம் செய்யவேண்டிய கடன். குற்றஞ்சாட்ட அன்று, எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்று சொல்ல.

கணக்குப் பார்க்குமுன் கட்டளையிடுவது நம் நாட்டின் பழக்கமாகிவிட்டது. 2015இல் கிளைபொசேற்றுக் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. 2018இற் பகுதியாகவும் 2022இல் முழுதாகவும் தடை தளர்ந்தது. 2021இல் இரசாயனப் பசளை முழுவதும் ஒரேயடியாக நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே மீண்டது. இடையிற் காலபோகத்தை இழந்த கமக்காரர்க்குச் சிறுநீரக நோய் குறைந்ததா என்று கேட்டால் என்ன விடை சொல்வது?

இங்கிலாந்தையும் வேல்சையும் எடுத்துக்கொள்வோம். இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஜோன் வெப் என்பவரும் துணைவரும் சிற்றோடைகளிலிருந்து ஏறத்தாழ 50,000 அடையல் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்து 1978இற் படத்தொகுதியாக வெளியிட்டனர். தாதுப்பொருள் தேடப் பிறந்த முறை அது. ஓடையின் ஒரு பிடி வண்டலிலே அதன் மேற்பக்கத்து நிலம் முழுவதும் சிறிது சிறிது இருக்கின்றது, ஆகவே ஒரு பிடியைச் சோதித்தால் பல சதுரமைலைச் சோதித்தாற்போலாம் என்பதே அதன் அடிப்படை. ஆனால் அம்முறையால் முதலிற் பயனடைந்தோருள் மாடு வளர்ப்போரும் இருந்தனர். சில பகுதிகளில் மாடுகள் காரணமின்றி மெலிந்தன. ஓடை வண்டலில் மொலித்தனம் மிகுந்த இடங்களோடு அவை பொருந்தின. புல்லிலுள்ள மொலித்தனம் மாட்டுக்குச் செம்புச் சத்துச் சேராமல் தடுத்தது. செம்பைக் கொடுக்க மாடு தேறியது. நஞ்சு மட்டுமன்றிக் குறைவும் அப்பேரேட்டிலே எழுதப்பட்டிருக்கின்றது.

வன்னியின் மாவட்டங்களுக்கும் இவ்வாறு ஒரு படம் வரைய இயலாதா? கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இருக்கின்றன. வவுனியாவில் 2021 ஆவணி முதல் தனிப் பல்கலைக்கழகமே இயங்குகின்றது. ஓடைதோறும் மாதிரி எடுக்கும் வேலை உயர்தர வகுப்பு மாணவர்க்கும் எட்டாததன்று. இரும்புக் கரண்டி ஆகாது, மரத்தகப்பையோ பிளாத்திக்குக் கரண்டியோ வேண்டும், பாலத்துக்குக் கீழே எடுக்கலாகாது, மேற்பக்கம் நூறு யார் தள்ளிப் போகவேண்டும், ஐந்தாறு இடத்திலெடுத்து ஒன்றாய்க் கலக்கவேண்டும், நிழலில் உலர்த்தவேண்டும். எடுத்த இடத்தையும் நாளையும் பிழையின்றி எழுதவேண்டும். இந்தக் கடைசி வேலையே மாணவர்க்கு மிகவும் கடினம் என்பது நாம் கண்ட உண்மை.

எங்கே தொடங்குவது? ஆள்வாடையற்ற காட்டினூடாக மட்டும் வரும் ஓடைகள் இன்னும் பல உள்ளன. அவற்றின் வண்டலே பாறையின் கணக்கு. அதை முதலில் எடுத்துவைத்தால், வயலூடாகவும் ஊரூடாகவும் வரும் ஓடையை அதனோடு ஒப்பிடலாம். பின் இரணைமடு. நூறாண்டாக வண்டல் ஏற்று நிற்கும் அக்குளத்தின் ஆழப்பகுதியிலே குழாயொன்றை இறக்கி, கலையாத மண்தூணை எடுக்கலாம். அணுகுண்டுச் சோதனைகள் உச்சத்திலிருந்த 1963ஐ அண்டிய படையை அக்காலத்துச் சீசியத்தாலும், மற்றப் படைகளை 22 ஆண்டில் பாதியாகும் கதிரியக்க ஈயத்தாலும் காலங்கணிப்பர். பசளை வருமுன் படிந்தது இது, வந்தபின் படிந்தது இது என்று விரல்வைத்துக் காட்டலாம். அப்போது கட்மியம் ஏறியதா இல்லையா என்னும் வழக்கில் ஊகத்துக்கு இடமிராது.

இதற்கிடையிற் குளந்தோண்டிய வண்டலை வயலுக்கு ஏற்றலாமா என்று நம்மிடம் கேட்கின்றனர். காட்டுப்பக்கத்துச் சிறுகுளமாயின் தாராளமாக ஏற்றலாம். அதைவிட நல்லுரம் விலைக்குக் கிடையாது. நகர வடிகாலோ வாகனப் பட்டறை நீரோ வந்துசேரும் குளமாயின், மரக்கறித் தோட்டத்துக்கு மட்டும் வேண்டா. சோதித்த பின்னரே வயலுக்கும். மீனை நிறுத்திய அந்த வீட்டாருக்கும் ஒன்று சொல்லியிருக்கின்றோம்: மீனின் ஈரலிலும் குடலிலும் சிறுநீரகத்திலுமே கட்மியம் பெரும்பாலும் தங்கும், தசையிற் குறைவு, குடலை நீக்கி, செவுளை வீசி, கழுவிச் சமையுங்கள். மாதிரி எடுக்க ஏற்ற காலம் ஆவணி, புரட்டாதி. வடகீழ்ப் பருவமழை இறங்குமுன், அலைகரை வற்றி வண்டல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். சேற்றிற் கால் புதையாமல் குளத்தின் நடுப்பக்கம்வரை நடந்து போகலாம்.